எள்ளலும் இணையமும்

அறிவியல் செய்தியை நகைச்சுவையோடு சொல்லும் எழுத்து இன்று தமிழில் மலிந்து கிடக்கிறது. புதிய கைப்பேசி ஒன்று சந்தைக்கு வந்தால் அதன் விலையைப் பற்றி ஒரு கேலி. இயந்திரம் கவிதை எழுதுகிறது என்று செய்தி வந்தால் கவிஞர்களைப் பார்த்து ஒரு கேலி. வார இதழின் கடைசிப் பக்கம், நாளிதழின் துணுக்கு மூலை, கைப்பேசியில் வந்து விழும் 'மீம்' என்னும் படத்துணுக்கு ஆகிய எல்லாவற்றிலும் இச்சுவையே ஓங்கி நிற்கிறது. மக்களும் விரும்பிப் படிக்கின்றனர். எனினும் நம் திறனாய்வாளர்கள் இதனை எழுத்தாகவே மதிப்பதில்லை. சிறுகதைக்கு அளவுகோல் உண்டு. புதுக்கவிதைக்கு ஒன்றுக்குப் பத்தாக உண்டு. நாள்தோறும் நம் குடும்பத்தார் அனைவரும் படிக்கின்ற இவ்வெழுத்துக்கு மட்டும் அளவுகோல் இல்லை. இக்குறையைச் சிறிதளவேனும் நீக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளப்பதற்கு முன் எங்கே நின்று அளப்பது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். சென்னையில் நின்றோ பெங்களூரில் நின்றோ அளந்தால் எழுதுபவனும் படிப்பவனும் ஒரே தெருவினராகி விடுவர். ஆகவே நாம் பாச்சலூரை எடுத்துக்கொள்கிறோம். ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக, பரப்பலாறு அணையைக் கடந்து மலையேறினால் வருகின்ற ஊர் அது. கொடைக்கானல் வட்டத்தைச் சேர்ந்ததுதான்; எனினும் சுற்றுலாப் பயணிகள் ஏரியும் படகும் குதிரையுமாகக் காண்கின்ற கொடைக்கானல் வேறு, காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகின்ற இந்தக் கீழ்ப்பழனி மலை வேறு. விளைபொருள் கீழே ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்குகிறது. சந்தை விலை கைப்பேசி வழியாக மேலே ஏறுகிறது. இத்தகைய ஊரில் அமர்ந்து படிக்கும் ஒரு குடும்பத்திற்கு இந்த எள்ளல் எழுத்து என்ன தருகிறது என்பதே நம் வினா.

நகையின் நான்கு வாயில்கள்

இவ்வினாவுக்கு விடை காண மேலைநாட்டு நூல்களைத் தேடிப் போகத் தேவையில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களை நான்காக வகுத்துள்ளார். எள்ளல் முதலாவது, இளமை இரண்டாவது, பேதைமை மூன்றாவது, மடமை நான்காவது. உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரித்தார். நாம் பிறரை எள்ளுவது ஒன்று; பிறர் நம்மை எள்ள, அது கண்டு நாம் நகுவது மற்றொன்று. பேதைமைக்கும் மடமைக்கும் அவர் காட்டிய வேறுபாடு இன்னும் நுட்பமானது. பேதைமை வெறும் அறியாமை. மடமையோ பிறர் புகட்டியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருப்பது. வாட்ஸ்அப் என்னும் செயலியைக் கனவிலும் கண்டிராத ஒருவர் அதற்கு இத்துணைப் பொருத்தமான விளக்கம் எழுதிச் சென்றது வியப்பே! இந்நான்கு வாயில்களின் வழியே நம் காலத்து எழுத்தைப் பார்ப்போம்.

இளமை: சுஜாதாவும் பின்வந்தோரும்

தமிழில் அறிவியல் எழுத்து நீண்டகாலம் ஆசிரியரின் குரலிலேயே பேசிற்று. பெ. நா. அப்புசாமி (1891-1986) தெளிவாகவும் பொறுமையாகவும் எழுதினார். அவர் வாசகனுக்குக் கற்பித்தார். சுஜாதா என்னும் பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் (1935-2008) அதே செய்தியை அண்டை வீட்டுக்காரனின் குரலில் சொன்னார். கணையாழியின் கடைசிப் பக்கத்தில் தொடங்கி, ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி-பதிலாக வளர்ந்து, ஆனந்த விகடனில் 'கற்றதும் பெற்றதும்' வரை வந்த அவரது பத்தி எழுத்தில் கம்ப்யூட்டரும் கவிதையும் பேருந்து நெரிசலும் ஒரே பக்கத்தில் அமர்ந்திருக்கும். இளையவன் ஒருவன் புதுப்பொருளைக் கண்டு துள்ளுவது போன்ற அந்த நடை, தொல்காப்பியர் சொன்ன இளமையின்பாற்பட்ட நகை.

அந்த நகைக்குப் பின்னால் கைத்தொழில் ஒன்று இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் பங்கு கொண்டவர். இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து பார்த்தவர் அதனைக் கேலி செய்யும்போது, கேலி முடிந்தபின் வாசகனிடம் ஏதேனும் ஓர் உண்மை எஞ்சி நிற்கும். அவருடைய நடையைப் பின்பற்றுவோர் இன்று ஏராளம். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது துள்ளலை மட்டுமே. கலிபோர்னியாவில் ஒரு செல்வர் சொன்னதை ஆங்கிலத்தில் படித்து, அதன் மேல் ஒரு திரைப்பட வசனத்தை ஒட்டி அனுப்பிவிட்டால் பத்தி முடிந்துவிடுகிறது. படித்து முடித்தபின் பாச்சலூர்க் குடும்பத்திற்கு அந்தச் செல்வரின் பெயர் தெரிந்திருக்கும். அவர் விற்கும் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்திராது. சிரிப்பு மட்டும் வந்து, செய்தி வழியிலேயே தங்கிவிட்டது.

பேதைமை: ஒரு சுத்தியலின் கதை

2019 மே மாத இறுதியில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த பொறியியல் முகநூல் பக்கம் ஒன்று சுத்தியலின் படத்தை வெளியிட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், இதனால்தான் ஜமீன் மாளிகையில் நேசமணியின் தலை உடைந்தது என்றும் சேர்த்துவைத்தார். 2001ஆம் ஆண்டு சித்திக் இயக்கத்தில் வெளிவந்த 'ப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற ஒப்பந்தக்காரர் வேடத்தின் பெயர் நேசமணி. படம் பார்த்திராத வெளிநாட்டார் மெய்யாகவே நலம் விசாரித்தனர். தமிழர்கள் விடுவார்களா? நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்னும் முழக்கம் ஓரிரவில் ட்விட்டரின் உலகப் பட்டியலில் முன்னணிக்கு ஏறிற்று. மே 30இல் தில்லியில் பிரதமர் பதவியேற்பு நடைபெற்ற வேளையிலும் இங்கே பலர் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திரைப்படத்தில் உடைந்த தலைக்கு மருத்துவ அறிக்கை எழுதிக்கொண்டிருந்தனர்.

இதனை வீண்வேலை என்று கடிந்தவர்கள் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. இது பேதைமையில் பிறந்த நகை. அறியாதவன் கேட்டான், அறிந்தவன் விளையாடினான். யார் மனமும் புண்படவில்லை. யார் பிழைப்பும் கெடவில்லை. பகை நாடுகள் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்ற இரு நாட்டு மக்கள் ஒரு சுத்தியலை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு நாட்கள் சிரித்தார்கள் என்பது அரிய செய்தியே. சென்னையில் இருப்பவனும் பாச்சலூரில் இருப்பவனும் துபாயில் இருப்பவனும் ஒரே கணத்தில் சிரிப்பதற்கு வடிவேலுவின் முகம் ஒன்று போதுமானதாக இருக்கிறது. கூத்திலும் நாடக மேடையிலும் கோமாளி பெற்றிருந்த இடத்தை இன்று அந்த முகம் பெற்றிருக்கிறது. அவ்வளவில் இதனை வரவேற்கலாம்.

மடமை: ஆள் பெயரில்லாத அறிவிப்பு

ஆனால் அதே கம்பியில்லாத் தந்தி, அதே வேகத்தில், வேறொன்றையும் சுமந்து சென்றது. நேசமணிக்கு ஓராண்டுக்கு முன், 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்னும் வதந்தி வாட்ஸ்அப்பில் வடதமிழ்நாட்டைச் சுற்றி வந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூருக்குக் கோவில் வழிபாட்டிற்காகச் சென்றது ஒரு குடும்பம். வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தனர். அதற்காகக் கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது கொலைக்குரிய குற்றமாகிப்போன நாள் அது. அவ்வாண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் வரம்பு கட்டிற்று. அனுப்பப்பட்ட செய்திக்கு மேல் 'முன்னனுப்பியது' என்று குறிப்பும் ஒட்டிற்று.

2020இல் அந்த மடமை நம் வாசல் வரைக்குமே வந்தது. தில்லியில் நடந்த தப்லீக் மாநாட்டைக் காரணம் காட்டி, நோயைப் பரப்புவதையே ஒரு சமுதாயம் தொழிலாகக் கொண்டுவிட்டதென்று படங்களும் கேலிச் சித்திரங்களும் வலம் வந்தன. எங்கோ எப்போதோ எடுத்த படங்களுக்குப் புதுத் தலைப்பு இடப்பட்டது. காய்கறி விற்பவரிடம் பெயர் கேட்டு வாங்கிய நாட்கள் அவை. அவ்வாண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, மாநாட்டில் கலந்துகொண்ட வெளிநாட்டவர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்னும் கருத்தையும், ஊடகப் பிரசாரத்தின் மீது கண்டனத்தையும் பதிவு செய்தது. ஆனால் அத்தீர்ப்பை எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினர்? கேலிப் படத்திற்குக் கிடைத்த கால்கள் நீதிமன்றத் தீர்ப்புக்குக் கிடைக்கவில்லை.

இங்கே நம் குடும்பத்தார் நினைவுகூர வேண்டிய மரபு ஒன்று உண்டு. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியின் சொற்களைப் பார்ப்பதற்கு முன் அதன் அறிவிப்பாளர் தொடரைப் பார்ப்பார்கள். இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, சந்தித்ததுண்டா, நினைவாற்றல் உடையவரா, பொய்யர் என்று பெயர் எடுத்தவரா என்றெல்லாம் துருவுவார்கள். தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தியின் தரம் இறங்கிவிடும். இத்தகைய கலையை வளர்த்த சமுதாயத்தில் பிறந்த நாம், 'முன்னனுப்பியது' என்னும் ஒற்றைச் சொல்லை அறிவிப்பாளராக ஏற்று, வைகறைத் தொழுகைக்கு எழுந்தவுடன் பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். நமக்கு எதிராக வரும் பொய்யைக் கண்டு கொதிக்கின்ற நாமே, நமக்கு உவப்பான பொய்யை ஒருமுறையேனும் துருவிப் பார்க்கிறோமா? மடமை யார் வீட்டில் இருந்தாலும் மடமையே.

எள்ளல்: ஒரு மலையின் பாட்டு

நான்கனுள் முதலாவதான எள்ளலை இறுதிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்த வகையில் நம் காலத்தில் தோன்றிய குறிப்பிடத்தக்க படைப்பு ஒன்று இதே பழனி மலைத்தொடரைப் பற்றியது.

வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று 1980களின் முற்பகுதியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து கொடைக்கானலுக்கு இடம் பெயர்ந்து வந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2001 மார்ச்சில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவுகள் மூஞ்சிக்கல்லில் பழைய சாமான் கடை ஒன்றில் கிடப்பதை ஊர்மக்களும் சூழல் ஆர்வலர்களும் வெளிப்படுத்தினர். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் கழிவின் ஒரு பகுதி கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளர்கள் உடல்நலம் கெட்டதாக முறையிட்டனர்; நிறுவனம் அதனை மறுத்தது. 2006இல் முன்னாள் தொழிலாளர் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடிற்று. ஆண்டுகள் உருண்டன. மலையில் சுரம் அளக்கும் கருவி செய்தவர்களின் சுரத்தை அளக்க எவரும் முன்வரவில்லை.

2015 ஜூலையில் சென்னையில் வளர்ந்த சோபியா அஷ்ரப் 'கொடைக்கானல் வோன்ட்' என்னும் காணொளிப் பாடலை வெளியிட்டார். நிக்கி மினாஜ் என்னும் அமெரிக்கப் பாடகியின் 'அனகோண்டா' என்ற பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு, அதன் மேல் பாதரசத்தின் கதையை ஏற்றினார். சில நாட்களிலேயே பல இலட்சம் பேர் பார்த்தனர். மூலப் பாடகியே அதனைத் தம் பக்கத்தில் பகிர்ந்தார். பதினான்கு ஆண்டு அறிக்கைகளும் மனுக்களும் எட்டாத காதுகளை ஒரு கேலிப்பாட்டு எட்டிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

இப்படைப்பைத் திறனாய்வு நோக்கில் எடைபோடும்போது முதலில் கண்ணில் படுவது அதன் குறைகளே. மெட்டு இரவல், மூலப் பாட்டு குடும்பத்தோடு அமர்ந்து கேட்கத் தக்கதன்று. மொழி ஆங்கிலம், பாதரசத்தைக் கையால் அளைந்தவர்கள் பேசும் மொழி அதில் இல்லை. இப்பாட்டு யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டால், கொடைக்கானலுக்காக எழுதப்பட்டது எனலாம். கொடைக்கானலுக்கு எழுதப்பட்டது என்று சொல்ல இயலாது. பாட்டினால்தான் இழப்பீடு வந்தது என்று சிலர் எழுதியதும் மிகை. வழக்குத் தொடுத்து, சாட்சியங்கள் திரட்டி, ஆண்டுதோறும் மறவாமல் கூடிய சங்கத்தாரின் உழைப்பில்லையேல் பாட்டுக்குப் பொருளே இருந்திராது.

இவ்வளவும் சொன்ன பின்னரும் அதன் நிறை குறையை விஞ்சி நிற்கிறது. காரணம், அதன் எள்ளல் யாரை நோக்கியது என்பதே. வலியவன் எளியவனை எள்ளுவது இழிவு. அதனை நாம் 2020இல் கண்டோம். எளியவன் பக்கம் நின்று, தன்னைவிடப் பன்மடங்கு வலிய ஒன்றைப் பெயர் சொல்லி எள்ளுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். மேலும் அந்த எள்ளலுக்கு அடியில் சரிபார்க்கத்தக்க செய்திகள் இருந்தன. இடம், பொருள், ஆண்டு எல்லாம் இருந்தன. கேட்டவன் சிரித்துவிட்டு, மெய்யா என்று தேடிப் பார்த்தால், மெய்யே கிடைத்தது. 2018இல் கர்நாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணாவும் சேர்ந்து அளித்த அடுத்த பாடல், மண்ணைத் தூய்மைப்படுத்துவதில் சீமைக்கு ஓர் அளவும் நம் மலைக்கு ஓர் அளவுமா என்னும் வினாவை எழுப்பிற்று. இரவல் மெட்டில் தொடங்கிய எள்ளல் மூன்றாண்டில் நம் இசையோடு கைகோத்தது வளர்ச்சியே.

செய்தியில் வராதவர்கள்

இனி இவ்வெழுத்தின் மீது நாம் கூறும் பெருங்குறை ஒன்று உண்டு. அது யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவர்களையே மீண்டும் மீண்டும் பேசுகிறது. தமிழ் எழுத்து திரையில் தோன்றுவதற்கு உழைத்தவர்களைப் பற்றி நகைச்சுவையாகவோ நகைச்சுவையின்றியோ எழுதுவோர் மிகச் சிலர்.

ஒரு காலத்தில் கணிப்பொறியில் தமிழ் படிப்பது பெரும்பாடு. ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றவர் திரையில் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் விழும். எழுத்துரு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி (1953-2006) என்னும் பெருமகனார் 'தேனீ' என்னும் யூனிகோடு எழுத்துருவை ஆக்கி அளித்தார். வாசகர் தம் கணிப்பொறியில் எதையும் நிறுவாமலே இணையப் பக்கத்தில் தமிழைக் காண அது வழி செய்தது. எழுத்துரு மாற்றிகளும் பிற கருவிகளும் செய்து விலையின்றி வழங்கினார். 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டின் இணையப் பகுதியில் ஓர் அரங்கிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவருக்கும் முன்னால், 1998இல், கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களுள் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் இடம் பெற்றது. இன்று பாச்சலூரில் ஒரு பிள்ளை அத்தாவின் கைப்பேசியை வாங்கி விரலால் தடவினால் சீறா வருகிறது. அதற்கு உழைத்தவர்களின் பெயர் அப்பிள்ளைக்குத் தெரியாது. அமெரிக்காவில் எந்த முதலாளி எந்த நிறுவனத்தை என்ன விலைக்கு வாங்கினார் என்பது தெரியும். இதனை எள்ளி எழுதினால் அஃது எள்ளல்!

2020இல் பள்ளிகள் மூடியபோதும் இதுவே நடந்தது. இணையவழி வகுப்பைப் பற்றி எத்தனை துணுக்குகள்! ஒலியை அடைத்துவிட்டு உறங்கிய மாணவன், திரைக்குப் பின்னால் கீரை ஆய்ந்த தாய் என்று சிரித்துத் தீர்த்தோம். மலையூர்களிலோ அலைவரிசையைத் தேடிப் பிள்ளைகள் பாறை ஏறினர். வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருந்தால், அதுவும் தோட்ட வேலைக்குச் சென்ற தந்தையின் சட்டைப் பையில் இருந்தது. கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. ஆண்டிறுதியில் கணக்குப் பார்த்தால் மலைப் பிள்ளை இழந்ததே மிகுதி. நகரத்துத் துணுக்குகள் யாவும் வகுப்பில் இருந்தவனைப் பற்றியவை. வகுப்புக்கே வர முடியாதவனைப் பற்றி எழுத நகைச்சுவையாளருக்குத் தோன்றவில்லை. அவன் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

அளவுகோல்

ஆகவே, தொழில்நுட்பத்தைக் கேலி செய்யும் எழுத்தை எடைபோட மூன்று வினாக்களை நாம் முன்வைக்கிறோம். சிரித்து முடித்தபின் கையில் உண்மை ஏதேனும் எஞ்சுகிறதா? அந்த உண்மைக்கு ஆள் பெயரோடு கூடிய அறிவிப்பாளர் உண்டா? எள்ளல் மேல்நோக்கிச் செல்கிறதா, கீழ்நோக்கி விழுகிறதா? மூன்றுக்கும் தக்க விடை தருகின்ற எழுத்து எந்த இதழில் வந்தாலும், கைப்பேசியில் வந்தாலும், இலக்கியத்தின் திண்ணையில் அதற்கு இடம் உண்டு. வெறும் விளையாட்டாக வருவதையும் நாம் வெறுக்கவில்லை. நேசமணி நலமோடு இருக்கட்டும்.

நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையில் எழுதுபொருளுக்குப் பஞ்சமில்லை. 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்கள் இணையவழி அனுமதிச் சீட்டுப் பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. குளிர் வாங்கப் போகிறவன் முதலில் கைப்பேசியில் படிவம் நிரப்ப வேண்டும் என்பதில் எத்துணை நகைச்சுவை அடங்கியிருக்கிறது! மிளகு விலையைத் திரையில் பார்த்துவிட்டு வியாபாரியிடம் பேரம் பேசும் விவசாயியும், விலை தெரிந்தும் மூட்டையைத் திருப்பி எடுத்துச் செல்ல வழியில்லாத விவசாயியும் இதே மலையில்தான் இருக்கின்றனர். கலிபோர்னியாவை எழுத நூறு பேர் இருக்கிறார்கள். பாச்சலூரை அங்கிருப்பவர்தாம் எழுத வேண்டும். சிரிக்கச் சிரிக்க எழுதுங்கள்; எழுதியதை அனுப்புமுன் ஒருமுறை சரிபாருங்கள்.